ஊமத்தைக்குக் கைமருந்து அளவு கிடையாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் ஊமத்தையைப் பற்றி வந்த குறிப்பைக் குறித்து எழுதுகிறேன். உலர்ந்த இலையைச் சுருட்டிப் புகையை இழுத்தால் இரைப்பு தணியும் என்றும், இலைச்சாற்றை உள்ளுக்குக் கொடுத்தால் நாய்க்கடி நஞ்சு முறியும் என்றும், சாறு விட்டுக் காய்ச்சிய எண்ணெய் பேனை ஒழிக்கும் என்றும் அதில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கைப்பிடி, கரண்டி என்று அளவும் போட்டிருந்தார்கள். மூன்றுமே கிராமங்களில் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறவைதான். எழுதியவர் தாமாக எதையும் சேர்க்கவில்லை. என் ஆட்சேபம் அந்த அளவின் மேல்தான். ஊமத்தையை வீட்டில் அளந்து கொடுக்க வழியே இல்லை. ஏன் இல்லை என்று விளக்கவும், அந்தக் குறிப்பைக் கத்தரித்து வைத்திருக்கக்கூடிய வாசகர்கள் அதற்குப் பதிலாகத் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லவும், சற்று நீளமான இக்கடிதத்துக்கு இடம் தர வேண்டுகிறேன்.

ஊமத்தை, கத்திரி, தக்காளி, மிளகாய் எல்லாம் ஒரே குடும்பம். ஊமத்தையின் வேர், தண்டு, இலை, பூ, காய், விதை, பூவில் ஊறும் தேன் என எல்லாவற்றிலும் அட்ரோபின், ஹயோசயமின், ஸ்கோபோலமின் என்ற மூன்று ஆல்கலாய்டுகள் (செடியிலேயே உருவாகும் வீரியமான வேதிப்பொருள்கள்) இருக்கின்றன. உமிழ்நீர் சுரக்கவும், வியர்க்கவும், குடல் அசையவும், சிறுநீர்ப்பை சுருங்கவும், வெளிச்சம் பட்டதும் கண்மணி சிறுக்கவும், இதயம் நிதானமாகத் துடிக்கவும் நரம்புகள் அனுப்பும் செய்தியை இவை தடுத்துவிடுகின்றன. மூளைக்குள்ளும் எளிதாகப் புகுந்து நினைவையும் தெளிவையும் குலைக்கின்றன.

இப்போது அளவுக்கு வருகிறேன். உலர்ந்த இலையில் இந்த ஆல்கலாய்டுகள் ஏறக்குறைய 0.2 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதம் வரை இருக்கும். ஒரே செடியின் இளம் இலைக்கும் முற்றிய இலைக்கும் வேறுபாடு உண்டு. ஒரே தெருவின் இரண்டு செடிகளுக்கும், மழைக்குப் பிறகு பறித்ததற்கும் வறட்சியில் பறித்ததற்கும், பூக்கும் முன் பறித்ததற்கும் காய்த்த பின் பறித்ததற்கும் அப்படித்தான். விதையில் சேர்மானம் இன்னும் ஒரு மாதிரி. கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ நாக்கில் வைத்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒப்பிட ஒன்று சொல்கிறேன். பூச்சிமருந்து குடித்து வருகிறவர்களுக்கு மருத்துவமனையில் போடும் அட்ரோபின் ஊசி மருந்து இதே பொருள்தான். அது 1 மில்லிலிட்டரில் 0.6 மில்லிகிராம் என்ற அளவில் வருகிறது. அந்தச் சின்ன அளவைக்கூட நாடியையும் கண்மணியையும் நுரையீரலையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டுதான் ஏற்றுகிறார்கள். ஒரு கிராம் உலர்ந்த இலையிலேயே 2 முதல் 5 மில்லிகிராம் இருக்கலாம் என்றால், ‘கைப்பிடி’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? ஒரு வீட்டில் ஒன்றும் செய்யாத அதே கைப்பிடி அடுத்த வீட்டில் ஆளைச் சாய்த்துவிடும். ‘எங்கள் பாட்டி கொடுத்தார், ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். அதனால் அடுத்த கைப்பிடிக்கு உத்தரவாதம் கிடைத்துவிடாது.

கொதிக்க வைத்தால் வீரியம் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. போகாது. இந்த ஆல்கலாய்டுகள் சமையல் சூட்டைத் தாங்குகிறவை. கஷாயமாக வைத்தால் அவை தண்ணீரில் இறங்கும். உலர்த்தினால் இலையோடு தங்கும். கருவூமத்தைதான் கொடியது, வெள்ளூமத்தை சாதுவானது என்பதும் தவறு. பூவின் நிறத்துக்கும் நஞ்சின் அளவுக்கும் தொடர்பில்லை.

இரைப்புக்குப் புகை பிடிப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதில் சென்னைக்கும் பங்கு இருக்கிறது. 1802 வாக்கில் ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரி சென்னையிலிருந்து இந்தப் புகைமருந்தை எடின்பரோவுக்குக் கொண்டுபோனார். சென்னையில் மருத்துவத் தலைமைப் பொறுப்பிலிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அதைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்துவந்தார். அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் பரவி, ஊமத்தை இலை அடைத்த ஆஸ்துமா சிகரெட்டுகள் 20-ஆம் நூற்றாண்டு வரை மருந்துக்கடைகளில் விற்றன. மூச்சுக்குழல் தசையை இந்த ஆல்கலாய்டுகள் தளர்த்துவது உண்மையே. ஆனால் அதே புகை சளியையும் உலர்த்திக் கெட்டியாக்கும், இதயத்தை விரட்டும், மூளையைக் கலக்கும், புகையே மூச்சுக்குழலை எரிச்சலூட்டும். இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் அட்ரோபினை மாற்றியமைத்து இப்ராட்ரோபியம் என்ற மருந்தைச் செய்தார்கள். அது உறிஞ்சியாகவும் நெபுலைசரிலும் மூச்சுக்குழலுக்கு நேரே போகிறது. இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. மூளைக்குள் நுழைவதும் இல்லை. ஊமத்தைப் புகையிலிருந்து எடுக்க வேண்டிய நல்லதை எடுத்து, அளந்து, அரசு மருத்துவமனையிலேயே வைத்திருக்கிறார்கள். இனி இலையைச் சுருட்ட வேண்டிய தேவை இல்லை.

நாய்க்கடிக்கு இலைச்சாறு என்ற வரிதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. மற்ற இரண்டும் ஊமத்தை நஞ்சு என்ற ஒரே ஆபத்தோடு முடிகின்றன. இதில் ஆபத்து இரண்டு. சாறு தன் பங்குக்கு நஞ்சாகும். அதைக் குடித்த தைரியத்தில் தடுப்பூசி போடாமல் விட்டால் வெறிநோய் வரும். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பவர் அநேகமாக எவருமில்லை. பிறகு ஏன் இந்தச் சாறு ‘கேட்டது’ என்று இத்தனை பேர் சொல்கிறார்கள்? கடிக்கிற நாய்களெல்லாம் வெறிநாய்கள் அல்ல. வெறியில்லாத நாய் கடித்தவருக்கு எதைக் கொடுத்தாலும், எதையும் கொடுக்காவிட்டாலும், வெறிநோய் வரப்போவதில்லை; பெயர் சாற்றுக்குப் போய்விடுகிறது. வெறிநாய் கடித்தாலும் நோய் வெளிப்படப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். சிலருக்கு இன்னும் தாமதமாகும். அதற்குள் சாறு கொடுத்த நினைவே மறந்துவிடும்.

செய்ய வேண்டியது இது. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். நாம் கழுவியதாக நினைக்கும் நேரம் பெரும்பாலும் இரண்டு நிமிடத்தைத் தாண்டுவதில்லை. வெறிநோய்க் கிருமியைச் சோப்பு சிதைக்கும் என்பதால் இந்த ஒரு வேலையே பெரும் பாதுகாப்பு. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், எந்த இலையின் சாறும் புண்ணில் வைக்கக்கூடாது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியைத் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் இரண்டு இடங்களில் 0.1 மில்லிலிட்டர் வீதம் போடுகிறார்கள். தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28 என ஐந்து நாட்கள். பூஜ்ஜியம் என்பது முதல் ஊசி போடும் நாள். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் ஊசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் புண்ணைச் சுற்றிச் செலுத்த வேண்டும். அதைக் கேட்டுப் பெறுங்கள். மூன்றாவது ஊசியோடு நிறுத்திக்கொள்வது நம்மிடையே பரவலான தவறு.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. நாய்க்கடிக்குச் சாறு குடித்தவர் விழுங்க முடியாமல், கண்மணி விரிந்து, பிதற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தால், அது ஊமத்தை நஞ்சா வெறிநோயா என்று மருத்துவரே திகைக்க நேரும். சாறு குடித்ததை வீட்டார் மறைத்தால் குழப்பம் இன்னும் கூடும்.

பேன் எண்ணெயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேன் உள்ள தலை சொறிந்து சொறிந்து புண்ணாகியிருக்கும். எண்ணெயோடு நஞ்சு அந்தப் புண் வழியே உள்ளே போகும். குழந்தையின் உடல் எடைக்குத் தலைத்தோலின் பரப்பு அதிகம். வழிந்து கண்ணில் பட்டால் அந்தப் பக்கத்துக் கண்மணி மட்டும் விரிந்து நாட்கணக்கில் அப்படியே இருக்கும். இலையைக் கசக்கிய கையோடு கண்ணைத் தேய்த்தாலும் இதே கதைதான். ஒரு கண்மணி மட்டும் பெரிதாக இருப்பது மூளையில் இரத்தக்கசிவின் அறிகுறியும் ஆகும் என்பதால் தலை ஸ்கேன் வரை போக வேண்டிவரும். பேனுக்குப் பெர்மெத்ரின் தைலமும் நெருக்கமான பல்லுள்ள பேன்சீப்பும் போதும்.

செடியை அடையாளம் காண்பதில் அந்தக் குறிப்பு ஒரு புகைப்படத்தோடு நின்றுவிட்டது. படத்தில் பூ இருந்தது. ஆபத்து வருவதோ பெரும்பாலும் பூ இல்லாத நாளில். நம் சமவெளியில் தெருவோரத்திலும் குப்பைமேட்டிலும் அதிகம் காண்பது இரண்டு வகை. ஒன்று நாம் பொதுவாக ஊமத்தை என்றே சொல்வது: மூன்று நான்கு அடி உயரம், வழவழப்பான இலை, வெண்மையாகவோ கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாகவோ ஒரு சாண் அளவுக்கு நிமிர்ந்து நிற்கும் எக்காளப் பூ, காயில் முனை மழுங்கிய குட்டை முட்கள். கோயில் நந்தவனத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூன்று அடுக்குப் பூ பூப்பதும் இந்த வகைதான். இன்னொன்றில் இலையும் தண்டும் மென்மயிர் போர்த்துச் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். காயின் முட்கள் நீளமாக, ஊசிபோல் இருக்கும். இரண்டிலும் காய் தலைகவிழ்ந்து தொங்கும். முற்றினால் ஒழுங்கில்லாமல் வெடிக்கும். காய் நிமிர்ந்து நின்று, நான்கு பிளவாகச் சீராக வெடித்து, விதை கறுப்பாக இருந்தால் அது மூன்றாவது வகை. குளிர்ந்த பகுதிகளில் காணப்படுவது. நீலகிரி, கொடைக்கானல் தோட்டங்களில் சிறு மரம்போல் வளர்ந்து ஒரு சாணுக்கு மேல் நீளமான பூக்களைத் தலைகீழாகத் தொங்கவிடும் செடி ஊமத்தைக்கு நெருங்கிய உறவு. அதன் காயில் முள் கிடையாது. நஞ்சு மட்டும் இதேதான்.

எல்லா வகைக்கும் பொதுவான இரண்டு அடையாளங்களை மனத்தில் வைத்தால் போதும். இலையின் அடிப்பகுதி இரண்டு பக்கமும் சமமாக இருக்காது. ஒரு பக்கம் காம்பில் சற்றுத் தாழ்ந்து சேரும். காயின் அடியில், பூவின் புறவிதழ் உதிர்ந்த இடத்தில், ஒரு வட்டத் தட்டு பாவாடைபோல் நிற்கும். கண்டங்கத்திரியோடு குழப்பிக்கொள்கிறவர்களுக்கு இன்னும் எளிய வழி: முள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கண்டங்கத்திரியில் இலையிலும் தண்டிலும் முள். காய் உருண்டு வழவழப்பாக, வரியோடிய பச்சையாக இருந்து மஞ்சளாகப் பழுக்கும். ஊமத்தையில் இலையில் முள்ளே கிடையாது. காய் முழுக்க முள். தூதுவளையிலும் முள் தண்டிலும் இலையிலும்தான்.

கீரைதான் எனக்குப் பெரிய கவலை. பூவும் காயும் வராத இளம் ஊமத்தைக்கும் மணத்தக்காளிக்கும் தொலைவிலிருந்து வேறுபாடு தெரியாது. கீரைப் பாத்தியில் தானாக முளைத்த ஒன்றிரண்டு செடிகள் கட்டோடு கட்டாகப் போய்விடும். முளைவிட்ட பருவத்தில் ஊமத்தையின் இரண்டு விதையிலைகளும் ஈட்டிபோல் நீண்டு ஒடுங்கியிருக்கும். மணத்தக்காளியின் விதையிலை சிறியது, முட்டை வடிவம். நாலைந்து இலை விட்டபின் ஓர் இலையைக் கசக்கி முகருங்கள். ஊமத்தையில் குமட்டும் நாற்றம் வரும். மணத்தக்காளியில் பச்சைத்தழை வாசனைதான் வரும். மணத்தக்காளியில் சிறு வெள்ளைப் பூவோ காயோ தென்பட்ட பிறகு பறிப்பது மேலும் பாதுகாப்பு. ஆஸ்திரேலியாவில் 2022 டிசம்பரில் கடைகளில் விற்ற இளம் பாலக் கீரையில் ஊமத்தை கலந்து, உண்டவர்கள் பிதற்றலும் கண்மங்கலுமாக மருத்துவமனைகளுக்குப் போனார்கள். இயந்திர அறுவடையும் பாக்கெட்டும் உள்ள நாட்டிலேயே இப்படி நடந்தது.

தானியத்திலும் இதே ஆபத்து உண்டு. 2019-இல் உகாண்டாவின் கரமோஜா பகுதியில் உலக உணவுத் திட்டம் வழங்கிய சத்துமாவில் இந்த ஆல்கலாய்டுகள் கலந்திருந்து, நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். ஐரோப்பிய ஒன்றியம் 2016-இலேயே கைக்குழந்தைகளுக்கான சிறுதானிய உணவில் அட்ரோபின், ஸ்கோபோலமின் இரண்டுக்கும் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் என்று உச்சவரம்பு வைத்தது. நாமும் இப்போது வீடுதோறும் சிறுதானியத்துக்குத் திரும்பியிருக்கிறோம். குழந்தைக்குச் சத்துமாவு அரைக்கிறோம். ஊமத்தை விதை 3 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும். சிறுநீரக வடிவம், தட்டை, பழுப்பு நிறம். தினை, சாமை, கேழ்வரகு இதைவிடச் சிறியவை என்பதால் அவை மட்டும் விழும் சல்லடையில் சலித்தால் ஊமத்தை விதை மேலே தங்கிவிடும். சோளத்தில் இது நடக்காது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. அங்கே புடைத்துக் கையால் பொறுக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. மிளகாய் விதையோடு மாறிப்போவதும் உண்டு. மிளகாய் விதை வெளிறிய மஞ்சள், மெல்லியது, விளிம்பு கூர்மையானது. ஊமத்தை விதை தடித்தது, விளிம்பில் இரட்டை வரப்பு ஓடும். ஐயம் வந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள். கடித்துப் பார்க்க வேண்டாம்.

எவ்வளவு சலித்தாலும் வயலிலேயே அகற்றுவதற்கு ஈடாகாது. பச்சைக் காயோடு செடி அறுவடை இயந்திரத்துக்குள் போனால் காய் நசுங்கி, சாறு தானியத்தின் மேலேயே படிந்துவிடும். அதைச் சல்லடை பிரிக்காது. தீவனத்திலும் அப்படித்தான். நின்று மேயும் மாடு நாற்றத்தால் ஊமத்தையை ஒதுக்கிவிடும். மக்காச்சோளத் தட்டையோடு சேர்த்து நறுக்கிப் போட்டாலோ குழியில் மூடிப் புளிக்கவைத்த ஊறுகாய்ப் புல்லாகப் போட்டாலோ அதற்கு ஒதுக்கத் தெரியாது. அசைபோடுவது நின்று வயிறு உப்புவதும், கண்மணி விரிவதும் முதல் அடையாளம்.

பிடுங்குவதில் நேரம் முக்கியம். காய் வெடிக்கும் முன், மழை பெய்து மண் நெகிழ்ந்த மறுநாள், கையுறை போட்டுக்கொண்டு ஆணிவேரோடு இழுக்க வேண்டும். முற்றிய செடியைக் களைக்கொத்தால் தரைக்குச் சற்றுக் கீழே வெட்டலாம். மேலே வெட்டினால் மறுபடி தழைக்கும். பிடுங்கிய செடியை வரப்பில் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பச்சைக் காய் செடியிலிருந்து உறிஞ்சிக்கொண்டு அங்கேயே முற்றி வெடித்துவிடும். காய்களைத் தனியாகச் சாக்கில் கட்டி, இனி தோண்டப்போகாத இடத்தில் மூன்றடிக் குழியில் புதைக்க வேண்டும். எருக்குழியில் போட்டால் விதை எருவோடு வயல் முழுக்கப் போகும். குவித்துக் கொளுத்தினால் புகை நம் மேல் படும். ஒரு காயில் நூற்றுக்கணக்கான விதைகள் இருக்கும். 1902-இல் அமெரிக்காவில் விதைகளை மண்ணில் புதைத்துத் தொடங்கிய சோதனையில், 39 ஆண்டுகளுக்குப் பிறகு தோண்டி எடுத்த கறுப்பு விதை ஊமத்தையில் பத்துக்கு ஒன்பது முளைத்தன. அதனால் ஒரு பருவம் பிடுங்கிவிட்டு ஓய்ந்துவிட முடியாது. ஒவ்வொரு மழைக்கும் திரும்பிப் பார்க்க வேண்டும். பிடுங்கியதும் கையைச் சோப்பால் கழுவுங்கள். அதற்கு முன் கண்ணைத் தொடாதீர்கள்.

எல்லா இடத்திலும் இதை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஈசனுக்குச் சூட்டும் மத்தமலர் இது. அந்தியில் விரிந்து, நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள பெரிய அந்துப்பூச்சிகளுக்கு உணவு கொடுக்கிற பூ. நந்தவனத்திலும் ஊர்ப்புறத்திலும் இருந்துவிட்டுப் போகட்டும். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, கதிரடிக்கும் களம், கீரைப் பாத்தி, மிளகாய் காயப்போடும் இடம் இவற்றைச் சுற்றி மட்டும் ஒரு செடியும் கூடாது. இட்லிப்பூவைக் கிள்ளித் தேன் உறிஞ்சிப் பழகிய பிள்ளைகள் இந்தப் பூவையும் உறிஞ்சுவார்கள். முள்காயை உடைத்து விதையைக் கூட்டாஞ்சோற்றில் போடுவார்கள். அடிக்க வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். செடியைக் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுத்தால் குழந்தைகள் நன்றாகவே நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் யாராவது சாப்பிட்டுவிட்டால்? அரைமணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அடையாளம் தெரியும். முதலில் வாய் வறளும். தண்ணீர் கேட்பார்கள், விழுங்கச் சிரமப்படுவார்கள். பேச்சு குழறும். முகம் சிவந்து உடம்பு கொதிக்கும். ஆனால் வியர்வை இருக்காது. காய்ச்சலில் கிடப்பவரின் அக்குளைத் தொட்டுப் பாருங்கள். அது காய்ந்து கிடந்தால் ஊமத்தையைச் சந்தேகிக்க வேண்டும். கண்மணி அகன்று வெளிச்சத்துக்குச் சுருங்காது, கிட்டத்திலிருப்பது மங்கும். நாடி வேகமாக ஓடும். நடை தள்ளாடும். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தும் சிறுநீர் வெளியேறாது. பிறகு இல்லாதவரோடு பேசுவதும், விரல்நுனியிலிருந்து நூல் இழுப்பதுபோல் காற்றைப் பறிப்பதும் தொடங்கும். இந்தக் கட்டத்தில்தான் குடித்திருக்கிறான் என்றும், காற்று கறுப்பு அண்டிவிட்டது என்றும், மூளைக்காய்ச்சல் என்றும் தவறாக எடுத்துக்கொண்டு விலைமதிப்பற்ற நேரத்தை இழக்கிறார்கள்.

வாயில் மிச்சமிருப்பதைத் துடைத்தெடுத்து, நினைவு தெளிவாக இருந்தால் வாயைக் கொப்பளிக்க வையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புக்கரைசல், புளிக்கரைசல், மோர், நெய், எலுமிச்சைச் சாறு எதையும் புகட்டாதீர்கள். விழுங்கும் திறன் குறைந்தவருக்கு அவை மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். உடனே 108-ஐ அழையுங்கள். வரும்வரை ஆடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, விசிறி, சூட்டைக் குறையுங்கள். வியர்வை நின்றுவிட்டதால் உடம்பால் தானாகக் குளிர முடியாது. வெளிச்சமும் இரைச்சலும் குறைந்த இடத்தில், பழகிய குரலில் பேசிக்கொண்டு ஒருவர் கூடவே இருக்க வேண்டும். கட்டிப்போடக் கூடாது, திமிறத் திமிறச் சூடு ஏறும். கிணற்றுப் பக்கமோ சாலைப் பக்கமோ ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உண்ட இலையையோ காயையோ ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எப்போது, எவ்வளவு, எதற்காகச் சாப்பிட்டார் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

குடல் அசைவு மந்தமாகிவிடுவதால் விதை வயிற்றில் நெடுநேரம் தங்கும். அதனால் தாமதமாகப் போனாலும் மருத்துவமனையில் கொடுக்கும் கரித்தூள் மருந்து பயன்படலாம். சிறுநீருக்குக் குழாய் வைப்பார்கள். கொந்தளிப்பைத் தணிக்க ஊசி போடுவார்கள். தேவையானால் பைசோஸ்டிக்மின் என்ற மாற்றுமருந்து கொடுப்பார்கள். பிதற்றல் ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை நீடிக்கலாம். கண்மணி சுருங்க இன்னும் சில நாட்களாகும். அதுவரை வண்டி ஓட்டக்கூடாது. ‘கொஞ்சம் தெளிந்துவிட்டார்’ என்று முதல்நாள் மாலையே எழுதிக் கொடுத்துவிட்டு அழைத்துக்கொண்டு போகாதீர்கள்.

சித்த மருத்துவத்தில் ஊமத்தைக்கு இடம் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஊமத்தை இலைச்சாறும் தேங்காயெண்ணெயும் துருசும் (மயில்துத்தம்) சேர்ந்த மத்தன் தைலம் ஆறாப்புண்ணுக்குச் சித்த மருத்துவர்கள் வெளிப்பூச்சாகப் பயன்படுத்தும் நல்ல மருந்து. அந்த மருத்துவமே உள்மருந்துக்கு முன் விதையைச் சுத்தி செய்யச் சொல்கிறது. நஞ்சென்று அறிந்ததால்தான் சுத்தி முறை வைத்தது. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் நச்சுச் சரக்குகளுக்கென்று உள்ள இ(1) அட்டவணையில் ஊமத்தையும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள சரக்கு சேர்ந்த உள்மருந்தின் குப்பியில், மருத்துவர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும். தொழிற்சாலையில் சுத்தி செய்து அளந்து அடைத்த மருந்துக்கே எச்சரிக்கை தேவை என்று சட்டம் சொல்லும்போது, தெருவோரத்தில் பறிக்கும் இலைக்கு எச்சரிக்கை இல்லாமல் செய்முறை அச்சிடுவது எப்படிச் சரியாகும்?

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் மூன்று. நாய்க்கடிக்கு ஊமத்தைச் சாறு என்ற வரி தவறு என்று, குறிப்பு வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், தடுப்பூசி நாட்களோடு திருத்தம் வெளியிடுங்கள். இணையப் பதிப்பிலிருந்து அந்தக் குறிப்பை நீக்குங்கள். தேடுகிறவர்கள் திருத்தத்தைப் பார்க்காமல் பழைய பக்கத்துக்கே போய்ச் சேர்வார்கள். இனி மூலிகைக் குறிப்புகள் வரும்போது, ஊமத்தை, எட்டி, அரளி, குன்றிமணி, கண்வலிக்கிழங்கு ஆகியவற்றுக்கு மட்டுமாவது வீட்டுச் செய்முறையும் அளவும் இல்லாமல், பதிவு பெற்ற சித்த மருத்துவர் ஒருவர் படித்துப் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.

இக்கடிதம் முழுவதும் வெளியிட இடமில்லை என்றால், நாய்க்கடிப் பத்தியையும் முதலுதவிப் பத்தியையும் மட்டுமாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்